சங்ககிரி மலைக்கோட்டைக்கு ஒருநாள் ஏற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் பள்ளிபாளையம் பக்கம். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தால் இரண்டாம் நாளே "பக்கத்துல மலை ஏதாச்சும் இருக்குங்களா, ஏறிப் பார்த்துட்டு சாயங்காலம் வந்துடற மாதிரி?" என்று கேட்பார்கள். நான் சங்ககிரிக்குக் கூட்டிப் போவேன். இப்படிப் பல தடவை ஏறி இறங்கியதில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விகள்தான் என்று தெரிந்தது. பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் இருக்க, சங்ககிரி எதற்கு?

ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வண்டி உங்களைக் காட்சிமுனை வாசலிலேயே இறக்கிவிடும். சங்ககிரியில் உச்சி வரைக்கும் கால்தான் வண்டி. சமவெளியில் தனியாக எழுந்து நிற்கிற ஒற்றை மலை இது, அதனால் மேலே போனால் நாலா பக்கமும் மறைப்பே இல்லை. பெரிய மலைத்தொடரில் ஒரு பக்கம்தான் பள்ளம் தெரியும், மறுபக்கம் இன்னொரு மலை நிற்கும். இங்கே சுற்றிவர கொங்குநாடு விரிந்து கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்த மலையில் பார்வை என்பது வேடிக்கைக்காக வந்ததில்லை, வேலையாக இருந்தது. யார் வருகிறார்கள், எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்காகத்தான் இதன் மேல் கோட்டை கட்டினார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு ஏறினால் ஒவ்வொரு திருப்பமும் எதற்காக அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

எப்படிப் போவது?

சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. கோவை–சேலம் தேசிய நெடுஞ்சாலை 544 ஊரை ஒட்டிப் போகிறது. பஸ்ஸில் வருகிறவர்கள் ஏறும்போதே "சங்ககிரி உள்ள போகுங்களா?" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பைபாஸ் வண்டி என்றால் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், காலையிலேயே ஒரு நடை வீணாகும். ரயிலில் வருகிறவர்களுக்கு சேலம்–ஈரோடு தடத்தில் சங்ககிரி துர்க் ஸ்டேஷன். பெரிய எக்ஸ்பிரஸ்களை நம்பாதீர்கள், பாசஞ்சர்தான் கணக்கு. ஸ்டேஷன் ஊரை விட்டு விலகி இருப்பதால் அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும்.

துர்க் என்றால் துர்க்கம், அதாவது கோட்டை. வெள்ளைக்காரன் காலத்துப் பேர் ஸ்டேஷனில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலை சங்கு மாதிரி இருப்பதால் சங்ககிரி என்பார்கள். நெடுஞ்சாலையில் ஈரோட்டுப் பக்கமிருந்து வரும்போது பாருங்கள், கவிழ்த்து வைத்த சங்கு என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம்.

ஏற எவ்வளவு நேரம் ஆகும்? கஷ்டமா?

நடந்து பழகியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம். வாசல் வாசலாக உட்கார்ந்து ஏறினால் இரண்டரை. நான் இரண்டரைக் கட்சி. இறங்க ஒன்றரை மணி. மேலே சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள், ஆக அரைநாள் முழுசாக வேண்டும்.

கயிறு கட்டி ஏறுகிற மலை இல்லை. கற்படிகளும் கல் பாவிய சரிவுமாகத்தான் வழி. ஆனால் படிகள் வீட்டு மாடிப்படி மாதிரி ஒரே அளவில் இருக்காது. ஒன்று ஒரு சாண் இருக்கும், அடுத்தது முழங்கால் உயரம் இருக்கும், நடுவில் வெறும் பாறை வரும். மூச்சு வாங்குவதைவிடத் தொடைதான் முதலில் பேசும். பாதி தூரத்துக்கு மேல் நிழல் குறைவு.

எந்த மாதம் போகலாம்?

ஐப்பசி அடைமழை விட்ட பிறகு, கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை. மழை தூசியைக் கழுவிவிட்டுப் போயிருக்கும், தூரத்து மலைகள் நீலமாகத் தெரியும். மார்கழியில் மட்டும் காலை எட்டு, எட்டரை வரை கீழே பனிமூட்டம் போர்த்திக்கொண்டு கிடக்கும். அவசரப்படாமல் காத்திருந்தால் அது கலைகிற அழகே தனி.

பங்குனி பாதியிலிருந்து வைகாசி வரைக்கும் வேண்டாம். சேலம், ஈரோடு, கரூர்ப் பக்கமெல்லாம் 40 டிகிரியைத் தொடுகிற மாதங்கள் அவை. வெயில் மேலேயிருந்து அடிப்பது பாதி, பாறை கீழேயிருந்து திருப்பி அடிப்பது மீதி.

ஆனி, ஆடியில் வெயில் அத்தனை இல்லை, ஆனால் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற மேல்காற்றுக்குக் கொங்கு சமவெளியில் தடுக்க ஆள் கிடையாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த உச்சியில் நின்றால் பழமொழியாகத் தெரியாது. குடை, தொப்பி, துப்பட்டா எல்லாம் உங்கள் கையில் இருக்காது.

புரட்டாசி சனிக்கிழமைகளில் மேலே இருக்கிற பெருமாளுக்கு மக்கள் கூட்டமாக ஏறுவார்கள். தனிமை வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். முதல்முறை ஏறுகிறவர்களுக்குத் துணை வேண்டுமென்றால் அந்த நாளே நல்ல நாள். வழியெல்லாம் ஆள் இருக்கும், "இன்னும் கொஞ்சந்தான் கண்ணு" என்று சொல்ல ஒரு பாட்டியாவது இருப்பார். அவர் சொல்கிற கொஞ்சம் ஒரு மணி நேரம் வரும்.

காலையில் எத்தனை மணிக்கு ஆரம்பிக்க வேண்டும்?

விடிந்து வெளிச்சம் வந்த உடனே அடிவாரத்தில் இருங்கள். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, எப்போது உள்ளே விடுகிறார்கள் என்பதை முதல்நாள் ஊரில் யாரிடமாவது கேட்டு வைப்பது உத்தமம். பத்து மணிக்கு மேல் ஏற ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால் நான் வழியிலேயே நிறுத்தி "மோர் கீர் கொண்டாந்தீங்களா?" என்று கேட்பேன்.

திரும்புவதற்கும் ஒரு கணக்கு வேண்டும். மதியம் மூன்று மணிக்கு எங்கே இருந்தாலும் இறங்க ஆரம்பித்துவிட வேண்டும், உச்சிக்கு நாலே படி பாக்கி என்றாலும். சூரியன் மறைகிறதைப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்பவர்களிடம் நான் பேசுவதேயில்லை. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஒழுங்கில்லாத படியில் செல்போன் விளக்கை நம்பி இறங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை செய்திருக்கிறேன், கணுக்கால் இரண்டு மாதம் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

தண்ணீர், ஆளுக்கு இரண்டு லிட்டர். வெயில் காலம் என்றால் மூன்று. "கனமா இருக்குதே" என்று அடிவாரத்தில் ஒரு பாட்டிலை வண்டியிலேயே வைத்துவிட்டு வருவார்கள், மேலே போய் என் பாட்டிலைப் பார்ப்பார்கள். மேலே கடை இல்லை. புரட்டாசி மாதிரிக் கூட்ட நாளில் யாராவது வைத்திருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்து உப்பு. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே வேர்த்துக் கொட்டினால் தலை சுற்றும். நீர்மோரில் கல்லுப்பும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். இல்லையென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது அளவு, அரைப் பாட்டிலில் கொட்டிக் கலக்கக் கூடாது.

துண்டு ஒன்று. கொங்குக்காரர் தோளில் துண்டு சும்மா கிடக்கவில்லை என்பது மலையில் தெரியும். தலைக்கு, கழுத்துக்கு, உட்கார, வேர்வை துடைக்க, அவசரத்துக்கு ஒருத்தரை இழுக்க. கடைசியில் சொன்னதைப் பின்னால் விளக்குகிறேன்.

ஷூ கட்டாயமா?

அடிப்பக்கத்து வரிகள் தேயாமல் இருக்கிற எதுவும் சரி. தேய்ந்த ரப்பர் செருப்பு கூடாது. பல தலைமுறைக் கால் பட்டு வழவழப்பான கல் இருக்கிற இடங்களில் அது சறுக்கும். வேண்டுதலுக்கு வெறுங்காலில் ஏறுகிறவர்கள் உண்டு, அவர்கள் காலும் அதற்குப் பழகிய கால். நகரத்துக் கால் பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் கொப்புளித்துவிடும்.

வழி தப்புமா? கூட ஆள் வேண்டுமா?

ஏறுவதற்கு ஒரு பக்கம்தான் தோது, மற்ற பக்கங்கள் செங்குத்து. கோட்டைக்கு இந்த மலையைத் தேர்ந்ததே அதனால்தான். எதிரி வருகிற வழி ஒன்றே ஒன்று என்றால் காவலையும் மதிலையும் அந்த ஒரு பக்கத்தில் அடுக்கினால் போதும், மற்றதை மலையே பார்த்துக்கொள்ளும். ஆகவே வாசல்களைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தப்பாது. உச்சியில் மட்டும் புதர்களுக்கு நடுவே ஒற்றையடித் தடங்கள் பிரியும். அவற்றில் சில ஆட்டுத்தடம், நேராகச் சரிவில் போய் முடியும். ஆடு திரும்பி வந்துவிடும்.

கோட்டையில் மொத்தம் எத்தனை வாசல்?

பத்து என்பவர்கள் உண்டு, மதிலை எண்ணிப் பதினாலு என்பவர்களும் உண்டு. இடிந்ததைச் சேர்ப்பதா, ஒட்டிக் கட்டியதை ஒன்றாக எண்ணுவதா என்று கூடப் போகிற குழந்தைகளுக்கு ஒரு சண்டை கிடைக்கும். எண்ணச் சொல்லிவிட்டால் ஏறுகிற களைப்பு தெரியாமல் வருவார்கள், நான் கண்ட உபாயம்.

பெரியவர்கள் வேறொன்றைப் பார்க்கலாம். வாசல் எதுவும் நேராகப் பார்த்த மாதிரி இருக்காது. வழி வளைந்து, பக்கவாட்டில் திரும்பி, பிறகுதான் வாசல். வேகமாக ஓடிவந்து முட்ட முடியாது, யானையை விட்டு இடிக்கவும் ஓட்டம் கிடைக்காது, திரும்புகிற இடத்தில் உங்கள் விலாப்பக்கம் மேலே நிற்கிற காவலனுக்குத் திறந்து கிடக்கும். விஜயநகரக் காலத்தில் எழும்பிய கோட்டை, பிறகு மைசூர் ஆட்சியில் ஹைதர், திப்பு கைக்குப் போனது, அதன்பின் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், கைக்கு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த பாராமகால், சேலம் சீமைகளோடு இதுவும் போனது. ஒவ்வொருவரும் முன்னவர் கட்டியதன்மேல் தங்கள் கல்லையும் காரையையும் வைத்திருக்கிறார்கள். கல் அடுக்கு மாறுகிற இடத்தைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தால் அதுவே ஒரு விளையாட்டு.

என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுப் பேர் இந்த வாசல்களைத் தலையைக் குனிந்துகொண்டே கடந்து, உச்சியில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். சமையல் முழுக்க விட்டுவிட்டு அப்பளத்தை மட்டும் தின்றுவிட்டுப் போன கதை.

மேலேயிருந்து என்னென்ன தெரியும்?

இதற்குத்தான் வந்தோம், நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் தெற்கே பாருங்கள். பத்துக் கிலோமீட்டர் தாண்டி ஒரு மலை தனியாக நிற்கும், திருச்செங்கோடு. அர்த்தநாரீசுவரர் மலை. சாயங்காலச் சாய்வெயில் பட்டால் பாறை செம்மைபூசி நிற்கும், செங்கோடு என்ற பேருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அங்கிருந்து வலது பக்கம், மேற்கே கண்ணை நகர்த்துங்கள். வறண்ட பழுப்பு நிலத்துக்கு நடுவில் ஒரு பச்சைக் கோடு நெளிந்து போகும். அது காவிரி. தண்ணீர் எல்லா நேரமும் கண்ணில் படாது, கரையோரத் தென்னையும் கரும்பும் வயலும்தான் அடையாளம். வெயில் சாய்கிற கோணம் பொருந்தினால் ஓரிரு இடத்தில் தகரம் மாதிரி மின்னும். குமாரபாளையமும் அதற்கு அக்கரையில் பவானியும் அந்தக் கோட்டின் மேல்தான், பவானி ஆறு காவிரியோடு சேருகிற கூடுதுறை அங்கே. தென்மேற்கில் புகைமூட்டமாகத் தெரிவது ஈரோடு.

வடக்கே எடப்பாடிப் பக்கம். அதற்கும் அப்பால் காவிரியைச் சமவெளிக்கு இறக்கிவிடுகிற மேட்டூர் மலைகள், பாலமலைப் பக்கம். வடகிழக்கில் முதலில் கஞ்சமலை, இரும்புக்கல் கிடைக்கிற மலை. அதன் பின்னால் நீளமாக, உயரமாகச் சேர்வராயன். ஏற்காடு அதன் மேல்தான். தெளிந்த நாளில் இரண்டும் வெவ்வேறு நீலத்தில் தெரியும், மங்கலான நாளில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். மலை எத்தனை தெளிவாக இருக்கிறது என்பதை நான் இதை வைத்துத்தான் அளப்பேன்.

கடைசியாகக் காலடியில் பாருங்கள், பலரும் பார்க்க மறக்கிற இடம் அது. நெடுஞ்சாலை, தண்டவாளம், வரிசை வரிசையாக லாரிகள். இந்தப் பக்கத்துக்கு லாரி என்பது மாடு மாதிரி, வீட்டுக்கு ஒரு தொடர்பாவது இருக்கும். சுண்ணாம்புக்கல் தோண்டிய வெள்ளைப் பள்ளங்கள், சிமெண்ட் ஆலை. ஒரு காலத்தில் கோட்டைக் காவலன் மாட்டுவண்டித் தடத்தையும் ஆற்றுக் கடவையும் பார்த்துக்கொண்டு நின்ற அதே இடம்தான் இது. வரிப்பணம் போகும் வழியும் படை வரும் வழியும் இன்று லாரி போகும் வழியாக ஆகியிருக்கிறது. தடம் பெரிதாக மாறிவிடவில்லை.

விளிம்பில் நின்று படம் எடுக்கலாமா?

இந்தப் பதிலை மட்டுமாவது முழுக்கப் படித்துவிடுங்கள்.

சினிமாவில் வருகிற மாதிரி வெட்டி நிறுத்திய விளிம்பு இங்கே பல இடங்களில் கிடையாது. பாறை யானை முதுகு மாதிரி இருக்கும். நடுவில் சமமாக, பிறகு லேசாகச் சாய்ந்து, இன்னும் கொஞ்சம் சாய்ந்து, பிறகு காணாமல் போகும். எந்த அடியில் ஆபத்து ஆரம்பிக்கிறது என்பதற்குக் கோடு இல்லை. வெட்டிய விளிம்பு என்றால் கண் பயந்து காலை நிறுத்திவிடும். வளைந்த விளிம்பில் கண் ஏமாந்துபோகிறது.

இரண்டாவது, பொருக்கு. இந்த வகைப் பாறை பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் விரிந்து சுருங்கி, வெங்காயத் தோல் மாதிரி மேலடுக்கு தகடு தகடாகக் கழன்றுகொண்டே இருக்கும். பார்க்க ஒட்டியிருக்கும், மிதித்தால் வழுகும். சந்தேகமாக இருந்தால் ஒரு கல்லால் தட்டிப் பாருங்கள். "ணங்" என்றால் பாறை, "டொப்" என்றால் தகடு. அதோடு பொடிந்த மணல் பருக்கை சாய்வான பாறையில் கிடந்தால் கோலிக்குண்டு மேல் நடப்பது போல.

என் மச்சினன் ஒருத்தன் ஆடி மாதம் வந்திருந்தான். தொப்பி பறந்து போய்ப் பத்தடி கீழே ஒரு செடியில் மாட்டிக்கொண்டது. நூறு ரூபாய்த் தொப்பி. "இதோ எடுத்தாறேன்" என்று நாலு அடி வைத்தான், ஐந்தாவது அடி அவன் வைக்கவில்லை, பாறை வைத்தது. உட்கார்ந்தபடியே சறுக்கி ஒரு வெடிப்பில் கால் மாட்டி நின்றான். இரண்டு துண்டை முடிச்சுப் போட்டு வீசி, நான்கு பேர் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தோம். கால்சட்டைப் பின்பக்கம் முழுக்கப் போய்விட்டது. மானத்தோடு போச்சு என்று இப்போது சிரிக்கிறோம். அன்றைக்கு அரைமணி நேரம் யாரும் பேசவில்லை.

ஆகவே என்னோடு வருகிறவர்களுக்குச் சட்டம் இதுதான்: பாறை சாய ஆரம்பிக்கிற இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்தபடி எடுக்கிற படத்திலும் அதே பள்ளம்தான் விழுகிறது. பின்னால் நகர்ந்துகொண்டே செல்ஃபி எடுக்கக் கூடாது. ஈரமாக இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. பறந்தது எதுவானாலும் பறந்ததுதான்.

குரங்கு, பாம்பு, தேனீ?

குரங்குக்குக் கையில் பிளாஸ்டிக் பை தெரியக் கூடாது. தின்பதெல்லாம் தோள்பைக்குள் இருக்கட்டும்.

பாம்பு உங்களைத் தேடி வராது. இடிந்த சுவர் இடுக்கில் கையை விடாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த உறுப்பை அசைக்காமல் தூக்கிக்கொண்டு இறங்கி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108-ஐ இறங்கும்போதே அழைத்துவிடலாம்.

எனக்கு நிஜமான பயம் மலைத்தேனீதான். பெரிய பாறையின் முகத்திலும் வாசல் வளைவின் அடியிலும் கூடு தொங்கினால் சத்தமில்லாமல் கடந்து போங்கள். சென்ட், புகை, பட்டாசு, கல்லெறி, டிரோன் எதுவும் அதற்கு ஆகாது.

குழந்தைகள், வயதானவர்கள் ஏறலாமா?

எட்டு வயதுக்கு மேல் ஏறிவிடுவார்கள், உச்சியில் கையை விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் வேண்டும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, முழங்கால் தேய்மானம் இருக்கிறவர்களுக்கு இந்த மலை வேண்டாம். "மூணாவது வாசல் வரைக்கும் வந்துட்டு உக்காந்துக்கறேன்" என்பார்கள். அதில் தப்பில்லை, அங்கிருந்தே நல்ல காட்சி உண்டு. ஆனால் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே போகக் கூடாது.

அவர்களைத் திருச்செங்கோட்டுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே ஆயிரத்து இருநூறு சொச்சம் படியும் உண்டு, மேலே வரை வண்டிப் பாதையும் உண்டு. படியேறினால் வழியில் பாறையில் செதுக்கிய 60 அடி நாகத்தைப் பார்க்கலாம், குங்குமமும் மஞ்சளும் அப்பிக் கிடக்கும். பாதி குடும்பம் படியிலும் பாதி குடும்பம் காரிலும் போய் மேலே சந்தித்துக்கொள்ளலாம், சண்டை வராது.

பெண்கள் மட்டும் சேர்ந்து போகலாமா?

நாங்கள் போயிருக்கிறோம், நாலைந்து பேராக, காலையில். கூட்டம் இல்லாத நாளில் ஒற்றையாக நான் போவதில்லை. அது ஆணுக்கும் சேர்த்துத்தான், கால் சுளுக்கினால் சொல்ல ஆள் வேண்டும். கழிப்பறையை ஊருக்குள்ளேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். உடை என்றால் சுடிதாரோ பேண்டோ. சேலையில் என் அத்தை ஏறியிருக்கிறார், கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னாலேயே.

மேலே கோயிலும் தர்காவும் இருக்கிறதாமே?

இருக்கிறது. சென்னகேசவப் பெருமாள் உச்சியில், தர்காவும் மலையிலேயே. எல்லா நாளும் எல்லா நேரமும் நடை திறந்திருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். திறந்திருந்தால் இரண்டு இடத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தத்தைக் குறைத்து. ஒரே வழியில் துளசி மாலை கொண்டு போகிறவரும் சர்க்கரைப் பொட்டலம் கொண்டு போகிறவரும் ஒரே படியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இறங்கும்போது இரண்டு பேரும் உங்களுக்கும் கொஞ்சம் கொடுப்பார்கள்.

மேலே இருக்கிற சுனைத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கூடாது. முகம் கழுவக்கூட இறங்காதீர்கள், பாசி.

தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது இங்கேதானா?

ஆமாங்க. 1805 ஜூலை 31, தமிழில் ஆடி 18. தம்பிமாரோடு சேர்த்து. 1756-இல் காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் பிறந்த தீர்த்தகிரிக் கவுண்டர். சின்னமலை என்ற பேர் வந்த கதையை இந்தப் பக்கத்தில் தாத்தாக்கள் சொல்லாத வீடு இல்லை. கொங்கிலிருந்து மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்துப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவிலே இருக்கிற சின்னமலை எடுத்துக்கிட்டதாகப் போய்ச் சொல்" என்றாராம். பிறகு திப்புவோடு சேர்ந்து கும்பினியை எதிர்த்தார். 1799-இல் திப்பு விழுந்த பின்னும் விடவில்லை, 1801-இல் காவிரிக் கரையில், 1802-இல் ஓடாநிலையில், 1804-இல் அறச்சலூரில் மோதினார். கூட இருந்தவனே காட்டிக் கொடுத்தான் என்பது கதையின் கசப்பான பகுதி.

வரிப்பணத்தை மறித்தவரைக் கொண்டுவந்து தூக்கிலிட, அந்த வழியையெல்லாம் காவல் காத்த மலையையே தேர்ந்தெடுத்தார்கள். மேலே நின்று சுற்றிப் பார்க்கும்போது எனக்கு அது தற்செயலாகத் தோன்றுவதில்லை. எத்தனை ஊருக்கு இந்த மலை தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆடிப்பெருக்கு அன்று அவர் நினைவு நாளுக்கு ஊரே வண்டியும் கொடியுமாக நிறைந்துவிடும். மரியாதை செலுத்த வருவதானால் வாருங்கள். மலையேற அந்த நாள் தோதில்லை.

சுவரில் பேர் எழுதினால் என்ன?

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் திருத்தியது. அது போக, ஐநூறு வருஷக் கல்லின் மேல் ஒரு இதயமும் அம்பும் வரைந்து நடுவில் இரண்டு எழுத்து போட்டவர்கள் இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்களா என்று நான் ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன்.

டெண்ட் போட்டு ராத்திரி தங்கலாமா?

முடியாது. தங்குவது ஈரோட்டிலோ சேலத்திலோ திருச்செங்கோட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ஏறுவதற்கு முன் இரண்டு இட்லி போதும். பொங்கல், பூரி என்று இறங்கினால் நாலாவது வாசலில் வருத்தப்படுவீர்கள். மேலே சாப்பிட நாங்கள் புளிச்சோறோ எலுமிச்சஞ்சோறோ கட்டுவோம், கெடாது. தொட்டுக்கொள்ள நிலக்கடலைத் துவையல். வாழையிலையையும் கீழே கொண்டுவந்துவிடுவோம், மக்கும் என்று விட்டால் குரங்கு பிய்த்துப் படி முழுக்கப் பரப்பிவிடும்.

இறங்கிய பிறகு வேறு கணக்கு. எங்கள் வீட்டில் அன்றைக்கு அரிசியும்பருப்புஞ்சோறு, மேலே நெய், பக்கத்தில் கட்டித் தயிர். கறி வேண்டுமென்பவர்களுக்குப் பள்ளிபாளையம் சிக்கன், எங்கள் ஊர்ச் சொத்து. மசாலாத்தூள் எதுவும் இல்லாமல் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும்தான். தூள் போட்டுச் சிவப்பாகக் கொண்டுவந்து வைத்தால் அது வேறு கோழி.

அதே நாளில் வேறு எதையாவது சேர்த்துப் பார்க்கலாமா?

இறங்கி மூச்சு வாங்கிய பிறகும் தெம்பு இருந்தால் பவானி கூடுதுறை. மேலேயிருந்து கோடாகப் பார்த்த காவிரியில் காலை நனைக்கலாம், வலிக்கும் இதம். மேட்டூர் அணையையும் சேர்க்கலாமா என்பார்கள். 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த அணையை அரைமணி நேரத்தில் ஓடிப் பார்ப்பதற்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

மேலே இருக்கும்போது மழை வந்தால்?

வாசல் மண்டபத்துக்குள் ஒதுங்குங்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள். இடி இருந்தால் உச்சிப் பாறையைவிட்டு முதலில் இறங்கி வந்துவிட வேண்டும், சுற்று வட்டாரத்தில் உயரமான பொருள் நீங்கள்தான். மழை நின்றதும் ஓடாதீர்கள். படியில் தண்ணீர் வடிய அரைமணி கொடுங்கள்.

மறுநாள் கால் வலிக்கு என்ன செய்வது?

ஏறியதால் இல்லை, இறங்கியதால் வருகிற வலி அது. உயரமான படியில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கினால் பாதி குறையும். ராத்திரி வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை வைத்திருங்கள், மறுநாள் படுத்தே கிடக்காமல் கொஞ்சம் நடமாடுங்கள், மூன்றாம் நாள் சரியாகிவிடும். அதுவரைக்கும் மாடியில் குடியிருக்கிற ஒறம்பரை யாரையும் பார்க்கப் போக வேண்டாம்.